பேர் மாறின சரை

கம்சா: ...இல்லை ஐயா, ஒண்டுமில்லை. சும்மாதான் வந்தனான்.

இன்னாசித்தம்பி: சும்மாவோ? ஆசுப்பத்திரியில மருந்து குடுக்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலமை, ஆறு கட்டை தூரம் சைக்கிள் உழக்கி, என்ர படலைக்குச் சும்மா வந்து நிக்குதோ?

கம்சா: இந்தப் பக்கம் ஒரு அலுவல். அப்பிடியே ஐயாவையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு...

இன்னாசித்தம்பி: எனக்கு அங்கால கடல்தானே கிடக்கு. கடலிலயோ உனக்கு அலுவல்?

கம்சா: ஐயா... நீங்கள் சுகமா இருக்கிறியளோ?

இன்னாசித்தம்பி: சுகத்துக்கென்ன. இப்பதான் பூசை கண்டிட்டு வந்து குந்துறன். சேட்டும் கழட்டேல்லை. நீ முதல் மூச்சு விடு. முகமெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு. நான் வருத்தக்காரனோ நீ வருத்தக்காரியோ எண்டு விளங்கேல்லை.

கம்சா: தலைச்சுத்து ஏதும் இருக்கோ?

இன்னாசித்தம்பி: ஆருக்கு?

கம்சா: உங்களுக்குத்தான்.

இன்னாசித்தம்பி: எனக்கோ... ஓ, எனக்கு. ஓமோம். இருக்கும்தானே. பிரஷர்காரன் எல்லே நான்.

கம்சா: எப்ப இருந்து?

இன்னாசித்தம்பி: அது வந்து... எப்ப இருந்து எண்டு கேக்கிறியோ?

கம்சா: ஐயா! வியாழக்கிழமைக் கிளினிக்குக்குப் பிறகோ, அதுக்கு முந்தியோ?

இன்னாசித்தம்பி: எதைச் சொன்னால் சரி, பிள்ளை?

கம்சா: உண்மையைச் சொன்னால் சரி.

இன்னாசித்தம்பி: அப்ப... பிறகு எண்டு வையன்.

கம்சா: ஐயோ, கடவுளே!

இன்னாசித்தம்பி: முந்தி எண்டும் வைக்கலாம்.

கம்சா: பகிடி விடாதேங்கோ ஐயா. வியாழக்கிழமை நான் தந்த குளிசையைப் போட்டனீங்களோ?

இன்னாசித்தம்பி: அதில என்ன குறை. நீ சொன்ன மாதிரியே காலமையில ஒண்டு. வெள்ளி ஒண்டு, சனி ஒண்டு, இண்டைக்கும் ஒண்டு.

கம்சா: இண்டைக்குமோ!

இன்னாசித்தம்பி: ஏன், ஞாயிறு எண்டால் குளிசைக்கு லீவோ?

கம்சா: சாப்பிட்டிட்டோ, வெறும் வயித்திலயோ?

இன்னாசித்தம்பி: வெறுந்தேத்தண்ணிக்கை.

கம்சா: தேத்தண்ணிக்கையோ?

இன்னாசித்தம்பி: தேத்தண்ணியோட. தேத்தண்ணியோட எண்டு சொன்னனான்.

கம்சா: இன்னும் சாப்பிடேல்லையோ ஐயா?

இன்னாசித்தம்பி: எங்கை சாப்பிட? என்ர மனுசி ஆன்சலா பூசை முடிய மாதா சபைக் கூட்டத்துக்கு நிண்டிட்டா. அவா வந்துதான் புட்டு அவிக்க வேணும். ஆனால் இண்டைக்கெண்டு பசி எண்டால் ஒரு பசி, பிள்ளை. சுவாமியார் பிரசங்கம் வைக்க வைக்க எனக்கு நண்டுக்கறிதான் கண்ணுக்கை வந்து நிண்டது.

கம்சா: பசியோ! சரியான பசியோ?

இன்னாசித்தம்பி: உதுக்கேன் இப்பிடிக் கத்துறாய்? பூசைக்கை பசிச்சது பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறன்.

கம்சா: கையைத் தாங்கோ பாப்பம்... ஐயோ, சில்லெண்டு வேர்த்துக் கிடக்கு. நடுங்கவும் நடுங்குது.

இன்னாசித்தம்பி: நீ விசாரணைக்கு வந்த ஆள் மாதிரி நிண்டு கேட்டால் ஆருக்குத்தான் நடுங்காது? பிள்ளை... ஒண்டு கேக்கிறன். ஆசுப்பத்திரியில ஆரும் என்னைப் பற்றி ஏதும் சொன்னவையோ?

கம்சா: என்னத்தை?

இன்னாசித்தம்பி: ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்.

கம்சா: வீட்டில சீனி கிடக்கோ?

இன்னாசித்தம்பி: சீனியோ! சாமான் வரத் தடை போட்ட பிறகு சீனியைக் கண்ணால கண்டு எத்தினை மாசம். பனங்கட்டி ஒரு குட்டான் கிடக்கு.

கம்சா: எங்கை, குசினிக்கையோ? நீங்கள் எழும்பாதேங்கோ, நான் எடுக்கிறன். அசையாமல் இருங்கோ.

இன்னாசித்தம்பி: எடி பிள்ளை, அது ஆன்சலா நத்தார்ப் பண்டிகைக்கெண்டு வச்சிருக்கிறது! அந்தப் பேணி இல்லை, அது உப்பு. மேல் தட்டில... பொறு பொறு, அதுக்குப் பக்கத்தில ஒரு சின்ன உரல் கிடக்கும். அதைத் தொட்டிடாதை!

கம்சா: இதோ? பாக்கு இடிக்கிற உரல். ஐயா, இதில வெள்ளையா மா மாதிரி ஒட்டிக் கிடக்கு. என்ன இது?

இன்னாசித்தம்பி: அது... பல்லு விளக்கிற உமிக்கரி.

கம்சா: வெள்ளை உமிக்கரியோ?

இன்னாசித்தம்பி: கொக்கிளாயில அப்பிடித்தான். இடம்பெயர்ந்து வந்தாலும் ஊர்ப் பழக்கத்தை விடேலுமே?

கம்சா: சரி, அதை விடுங்கோ. பனங்கட்டியைக் கரைச்சிட்டன். இந்தாங்கோ, கடகடவெண்டு குடியுங்கோ.

இன்னாசித்தம்பி: குடிக்க மாட்டன்.

கம்சா: ஐயா, கெஞ்சிக் கேக்கிறன்.

இன்னாசித்தம்பி: முதல் விசயத்தைச் சொல்லு. நீ என்னத்தையோ ஒளிக்கிறாய். நாற்பது வருசம் கடலில தொழில் செய்தவன் நான், பிள்ளை. காத்து மாறப் போகுது எண்டால் எனக்குத் தெரியும்.

கம்சா: சொல்லுறன்... ஏசாதேங்கோ. இல்லை, ஏசுங்கோ. ஏசினால்தான் எனக்கும் நல்லம். நான் பிழை விட்டிட்டன் ஐயா. வியாழக்கிழமை உங்கட குளிசைச் சரையை சுப்பம்மா எண்ட ஒரு அம்மாவுக்கும், அவவின்ர சரையை உங்களுக்கும் மாறிக் குடுத்திட்டன்.

இன்னாசித்தம்பி: எந்தச் சுப்பம்மா?

கம்சா: மலைநாட்டில இருந்து வந்து குளத்தடியில தோட்டம் செய்யிறவ. அவவுக்குச் சலரோகம். உங்களிட்டை இப்ப கிடக்கிறது ரத்தத்தில இருக்கிற சீனியை இறக்கிற குளிசை. வருத்தம் இல்லாத ஆள் அதைப் போட்டால் தேவையான சீனியும் இறங்கிப் போயிடும். வேர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், கதை குழறும். பிறகு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில இருந்து... எழும்பாமலும் விடலாம்.

இன்னாசித்தம்பி: ...அதெப்பிடிப் பிள்ளை மாறினது?

கம்சா: குளிசை போட்டுக் குடுக்க உறையில்லை. கொப்பித் தாளைக் கிழிச்சுச் சரை சுத்தி, பேரை எழுதி, மேசையில வரிசையா வச்சிருந்தனான். நூற்றெண்பது பேர் நிக்கினம். யன்னல் ஒண்டு, நான் ஒராள். அந்த நேரம் பாத்துக் குண்டு போடுற கிபிர் இரைஞ்சுகொண்டு வந்தது.

இன்னாசித்தம்பி: ஓமோம், எல்லாரும் விழுந்து படுத்தம். எனக்கு மேல ஒரு மனுசி படுத்தவ. பிளேன் போன பிறகும் பயத்தில அவா எழும்பேல்லை.

கம்சா: எழும்பிப் பாத்தால் சரையெல்லாம் நிலத்தில. பொறுக்கிப் பொறுக்கி வச்சன். வச்ச இடம் மாறிப் போச்சு.

இன்னாசித்தம்பி: அப்ப பிழை கிபிர் ஓட்டினவன்ர. நீ ஏன் அழுறாய்?

கம்சா: இல்லை ஐயா, கிபிரைச் சாட்டேலாது. அவன் போய் அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டனான். சரையில பேர் கிடக்கு. நானே எழுதின பேர். ஒருக்கா வாசிச்சுப்போட்டுக் குடுத்திருக்க வேணும். 'இன்னாசித்தம்பி' எண்டு கூப்பிட்டிட்டு, கையில வந்ததைத் தூக்கித் தந்திட்டன்.

இன்னாசித்தம்பி: அந்தச் சுப்பம்மா என்ர குளிசையைப் போட்டிட்டாவோ?

கம்சா: அவா போடேல்லை. அவவிட்டைப் பழைய குளிசை ரெண்டு மூண்டு மிஞ்சிக் கிடந்ததாம். இண்டைக்குத்தான் புதுச் சரையை அவிழ்க்கப் பாத்திருக்கிறா. விடிய என்ர வாசலில வந்து நிக்கிறா. 'புள்ள, எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எம்பேருக்கு மொத எழுத்து எப்புடி வளையும்னு தெரியும். இது அது இல்லயே' எண்டு சரையை நீட்டுறா. வாங்கிப் பாத்தால் உங்கட பேர். எனக்கு நிலம் சுத்திப் போச்சு. சைக்கிளை எடுத்தனான்தான், எந்த வழியால வந்தனான் எண்டும் தெரியாது.

இன்னாசித்தம்பி: எழுத்துத் தெரியாத மனுசி பாத்திருக்கிறா. ஐஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்ச நான் பாக்கேல்லை.

கம்சா: நீங்கள் பாக்கத் தேவையில்லை, ஐயா. நான்தான் பாக்க வேணும். அதுதான் என்ர வேலை. இந்தாங்கோ, குடியுங்கோ.

இன்னாசித்தம்பி: பிள்ளை... அந்தக் குளிசை மூண்டு போட்டால் ஆள் செத்துப் போகுமோ?

கம்சா: உங்களுக்கு ஒண்டும் நடக்க நான் விடமாட்டன்.

இன்னாசித்தம்பி: எனக்கு எண்டு கேக்கேல்லை. பொதுவாக் கேக்கிறன். மனுசிக்கு... ஒரு பேச்சுக்கு, ஒரு பொம்பிளை ஆளுக்கு.

கம்சா: பொம்பிளையோ? ஏன் பொம்பிளை? மூண்டும் நீங்கள்தானே போட்டனீங்கள்?

இன்னாசித்தம்பி: நான் ஒண்டும் போடேல்லை.

கம்சா: இப்பத்தானே வெள்ளி ஒண்டு சனி ஒண்டு எண்டு விரல் மடிச்சியள்!

இன்னாசித்தம்பி: மடிச்சனான். ஆனால் போடேல்லை.

கம்சா: அப்ப குளிசை எங்கை?

இன்னாசித்தம்பி: உரலுக்கை.

கம்சா: எந்த... ஐயா! அந்த வெள்ளை உமிக்கரியோ?

இன்னாசித்தம்பி: யேசுவே, என்ன செய்யப் போறன்! நான் இடிச்சு இடிச்சு ஆன்சலாவுக்கெல்லே குடுத்தனான். இந்த முறை குளிசை சின்னனாக் கிடக்கு, இடிக்க லேசாக் கிடக்கு எண்டு சந்தோசமும் பட்டனான், பிள்ளை!

கம்சா: அம்மாவுக்கோ? ஏன் உங்கட குளிசையை அவவுக்கு...

இன்னாசித்தம்பி: அது என்ர குளிசையே இல்லை. எனக்குப் பிரஷரே இல்லை.

கம்சா: என்ன? எட்டு மாசமாக் கிளினிக்குக்கு வாறியளே!

இன்னாசித்தம்பி: அவவுக்குப் பதிலா வாறன். போன வருசக் கடைசியில நடமாடும் கிளினிக் ஒண்டு இஞ்சால வந்ததெல்லே? அண்டைக்கு இழுத்துக்கொண்டு போய் அவவின்ர கையில பட்டி சுத்திப் பாத்தினம். இருநூறு. உடன ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு தந்தவை. இவ துண்டைச் சுருட்டிக் குப்பையில போட்டிட்டா. நான் பொறுக்கி எடுத்தன். 'ஆ. இன்னாசித்தம்பி' எண்டு கிடந்தது. 'ஆ'வை மட்டும் வடிவாக் கிழிச்சுப்போட்டுக் கொண்டு வந்து டொக்டரிட்டை நீட்டினன்.

கம்சா: டொக்டர் பாத்திருப்பாரே! ஒவ்வொரு மாசமும் பிரஷர் பாக்க வேணுமே!

இன்னாசித்தம்பி: மெசின் பழுது. முதல் மாசமும் பழுது, ரெண்டாம் மாசமும் பழுது. டொக்டர் பாவம், எனக்குப் பின்னால அவ்வளவு சனம். நிமிந்து முகத்தைப் பாத்து 'எப்பிடி ஐயா?' எண்டுவார். நான் 'அப்பிடியே, ஐயா' எண்டுவன். அவர் 'அதே மருந்து' எண்டு எழுதுவார். எட்டு மாசமா எங்கட கதை இவ்வளவுதான்.

கம்சா: எட்டு மாசம்... ஒருத்தரும் உங்கட கையைத் தொட்டுப் பாக்கேல்லை. நானும்தான்.

இன்னாசித்தம்பி: நான்தானே ஏமாத்தினனான்.

கம்சா: நீங்கள் ஏமாத்தலாம் ஐயா. நாங்கள் ஏமாறக் கூடாது. ஆனால் ஏன் இந்தக் கூத்து? அம்மா தானே வந்தால் என்ன?

இன்னாசித்தம்பி: அவா வரமாட்டா. செத்தாலும் வரமாட்டா. அவவின்ர தமக்கை, காலில திருக்கை மீன் முள் ஏறி ஒரு ஆசுப்பத்திரிக்குப் போனவ. இஞ்ச இல்லை, வேற இடம், கன வருசம். 'ஐயா, எனக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, முந்தி ஒருக்காப் போட்டு மூச்சு அடைச்சது' எண்டு மூண்டு தரம் சொன்னவ. பக்கத்தில நிண்டு ஆன்சலாவும் சொன்னவ. ஆரும் காது குடுக்கேல்லை. போட்டிட்டினம். நடந்து போன மனுசி, பெட்டியில வந்தவ.

கம்சா: ஆசுப்பத்திரியில என்ன சொன்னவை?

இன்னாசித்தம்பி: 'காலம் முடிஞ்சு போச்சு' எண்டவை. அவ்வளவுதான். அண்டையில இருந்து இவ ஆசுப்பத்திரி இருக்கிற றோட்டாலயும் போறேல்லை. நான் என்ன செய்ய? விடிய எழும்பி, குளிசையை இடிச்சு, தேத்தண்ணியில கலக்கி, அவவுக்குக் கொண்டுபோய் வைக்கிறன். நல்லதுதான் செய்யிறன் எண்டு இருந்தன்... இப்ப நானே என்ர கையால...

கம்சா: அம்மா எந்தக் கோயிலில நிக்கிறா? நான் போய்ப் பாக்கிறன். எங்கையும் விழுந்து கிடக்கிறாவோ தெரியாது...

இன்னாசித்தம்பி: பொறு, படலை சத்தம் கேக்குது. அவாதான்! வாறா, நடந்துதான் வாறா. பிள்ளை, உரலை ஒளி!

ஆன்சலா: இஞ்சாருங்கோ, ஆரின்ர சைக்கிள் இது வாசலுக்குக் குறுக்கால கிடக்கு? தடக்கி விழப் பாத்தன்.

கம்சா: விழப் பாத்தியளோ! தலைச்சுத்தோ அம்மா? இருங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ!

ஆன்சலா: ஆர் இந்தப் பிள்ளை? ஏன் என்னைப் பிடிச்சு அமத்துறாய்?

இன்னாசித்தம்பி: அது கம்சா. ஆசு... ஆசு... எங்கட சொந்தக்காரப் பிள்ளை.

ஆன்சலா: எந்த வழியில?

இன்னாசித்தம்பி: றோட்டு வழியில.

கம்சா: அம்மா, வேர்க்குதோ?

ஆன்சலா: இந்த வெயிலுக்கை நடந்து வந்தவளுக்கு வேர்க்காமல் குளிருமோ?

கம்சா: கை நடுங்குதோ? பசிக்குதோ?

ஆன்சலா: சபைக் கூட்டத்தில வடிவம்மா ரொட்டி தந்தவ, திண்டிட்டன். நடுங்கிறது நீ. இவரென்ன, ஆட்டுக்குட்டி மாதிரி முழிச்சுக்கொண்டு இருக்கிறார்?

இன்னாசித்தம்பி: ஆன்சலா... இந்தப் பனங்கட்டித் தண்ணியைக் குடிச்சுப் போடும். ஒண்டும் கேளாமல் குடியும்.

ஆன்சலா: நத்தார்ப் பனங்கட்டியையோ கரைச்சனீங்கள்! குடிக்க மாட்டன். நீங்கள் கலக்கித் தாறது ஒண்டையும் நான் குடிக்கிறேல்லை எண்டு...

இன்னாசித்தம்பி: எண்டு?

ஆன்சலா: ஒண்டுமில்லை.

கம்சா: அம்மா, நான் ஒளிக்க விரும்பேல்லை. நான் ஆசுப்பத்திரியில மருந்து குடுக்கிறனான். பிழையான குளிசையை ஐயாவிட்டைக் குடுத்திட்டன். சலரோகக் குளிசை. உங்களுக்குப் பிரஷர் எண்டு, உங்களுக்குத் தெரியாமல் ஐயா அதை இடிச்சு மூண்டு நாளா உங்கட தேத்தண்ணியில கலந்திட்டார். அது ஆளை மயக்கிப் போடும். என்ர பிழை அம்மா. பிறகு என்னை என்னவும் செய்யுங்கோ, இப்ப இதைக் குடியுங்கோ.

ஆன்சலா: மயக்குமோ? அந்தத் தேத்தண்ணியோ?

இன்னாசித்தம்பி: ஆன்சலா... எனக்கு ரெண்டு ஆன்சலா தெரியுது. ஒண்டுக்கே... ஒண்டையே நான் சமாளிக்கே... கேலா...

கம்சா: ஐயா பயத்தில குழறுறார். அம்மா, நீங்கள் குடி...

ஆன்சலா: விடடி கையை! கோப்பையைத் தா இஞ்ச! இஞ்சாருங்கோ, வாயைத் திறவுங்கோ. விழுங்குங்கோ. இன்னொரு மிடறு.

கம்சா: அம்மா, அவருக்கில்லை, உங்களுக்கு!

ஆன்சலா: எனக்கில்லை, இவருக்குத்தான்! அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சது இவர்தான். நான் கோப்பையை மாத்தி வைக்கிறனான்!

கம்சா: என்ன!

ஆன்சலா: மிச்சப் பனங்கட்டியையும் உடைச்சுக் கொண்டு வா, நிக்காதை! ரெண்டும் ஒரே மாதிரிக் கோப்பை. இவர் கொண்டுவந்து வச்சிட்டு, காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்க வெளியால போவார். நான் மாத்திப் போடுவன். ஒவ்வொரு நாளும். சப்புங்கோ... இதையும் சப்புங்கோ. கண்ணை மூடாதேங்கோ. என்னைப் பாருங்கோ!

கம்சா: ஐயா, கேக்குதோ? இன்னும் கொஞ்சம் விழுங்குங்கோ. கையைத் தாங்கோ... அம்மா, பேச்சுக் குடுத்துக்கொண்டே இருங்கோ.

ஆன்சலா: இவருக்கு நான் பேச்சுக் குடுக்கிறதுக்குப் படிப்பிக்க வேணுமே? இஞ்சாருங்கோ, நேற்றுக் கூரையில ஓலை மாத்திறன் எண்டியளே, மாத்தினியளோ? தோணிக்குக் கீல் பூசுறன் எண்டியளே, பூசினியளோ? உரலில பாக்கு மணக்காமல் வேற ஏதோ மணக்குது எண்டு கேட்டதுக்கு 'உனக்கு மூக்கடைப்பு' எண்டியளே...

இன்னாசித்தம்பி: ...கேக்குதப்பா. கேக்குது. நிப்பாட்டும்.

கம்சா: கதை தெளியுது! ஐயா, இப்ப எத்தினை ஆன்சலாம்மா தெரியுது?

இன்னாசித்தம்பி: ஒண்டு. ஒண்டுதான். கையில கோப்பையும் வச்சிருக்கிறா.

கம்சா: கடவுளே... கடவுளே.

ஆன்சலா: நீ இருந்து அழு, பிள்ளை. ஆனால் கெதியா அழு. இனி என்ன செய்ய வேணும்?

கம்சா: உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக வேணும். இப்ப தெளிஞ்சாலும் அந்தக் குளிசை நாள் முழுக்க நிண்டு வேலை செய்யும். திரும்பியும் மயக்கம் வரலாம். குளுக்கோஸ் சேலைன் ஏத்தி, டொக்டர் பாக்க வேணும்.

ஆன்சலா: பக்கத்து வீட்டு ஸ்ரனிஸ்லஸிட்டை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நிக்குது. பின்னால இழுவைப் பெட்டியும் பூட்டித்தான் கிடக்கு. நான் வேலியால கூப்பிட்டுச் சொல்லுறன்... ஓம், எடுத்துக்கொண்டு வாறானாம். நீ போய் டொக்டரிட்டை என்னெண்டு சொல்லுவாய்?

கம்சா: நடந்ததைச் சொல்லுவன்.

ஆன்சலா: வயசாளி தானே மாறிப் போட்டிட்டார் எண்டு சொல்லலாமே. ஆருக்குத் தெரியப் போகுது?

கம்சா: இல்லை அம்மா. எழுதியும் குடுக்கப் போறன். இனி ஒருத்தருக்கும் பேரை வாசிக்காமல் சரை குடுக்கக் கூடாது எண்டும், மெசின் இல்லாட்டில் இல்லை எண்டு கொப்பியில எழுத வேணும் எண்டும் சொல்லப் போறன்.

ஆன்சலா: வேலை போயிடாதோ?

கம்சா: போகலாம்.

ஆன்சலா: ம்... என்ர அக்காவுக்கு ஊசி போட்டவை ஒருத்தர்கூட எங்கட படலைக்கு வரேல்லை, பிள்ளை. வந்திருந்தால் நான் மண் அள்ளித் திட்டியிருப்பன். தும்புத்தடியால அடிச்சும் இருப்பன். ஆனால் பிறகு ஒரு நாள், எனக்கு ஏலாமல் வரேக்கை, ஆசுப்பத்திரிக்குப் போயிருப்பன்.

கம்சா: அம்மா...

ஆன்சலா: நீ வந்தனி. ஆறு கட்டை உழக்கி வந்தனி. சரி, நானும் ஏறுறன். இவருக்குப் பக்கத்தில இருக்க ஆள் வேணும்தானே. மெசின் இப்பவும் பழுதோ?

கம்சா: இல்லை, முந்தநாள்தான் புது ரியூப் வந்தது.

ஆன்சலா: அப்ப என்ர கையிலயும் அந்தப் பட்டியைச் சுத்திப் பார். ஊசி எண்டு மட்டும் ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது. என்னத்தைத் தந்தாலும் என்ர பேரைச் சத்தமா வாசிச்சுப்போட்டுத் தா. 'ஆ'வோட சேத்து வாசி.

கம்சா: வாசிப்பன் அம்மா. ஐயாவுக்கும் பாக்க வேணும். எட்டு மாசம் பிரஷர் குளிசை அவர்தானே குடிச்சிருக்கிறார்? அவருக்கு உண்மையாவே பிரஷர் இருந்திருக்கோ, இல்லாததை இறக்கினமோ, ஒண்டும் தெரியாது.

இன்னாசித்தம்பி: இஞ்ச, ரெண்டு பேரும் என்னை ஒரு சாக்கு மூட்டை மாதிரி வச்சுக் கதைக்காதேங்கோ. எனக்கும் ஒரு கேள்வி கிடக்கு. வாய் கசக்குது வாய் கசக்குது எண்டு எட்டு மாசமா நான் சொல்ல, 'அது வயசு' எண்டெல்லே சொன்னீர்?

ஆன்சலா: வயசும்தான்.

இன்னாசித்தம்பி: நான் என்னத்தையோ கலக்கிறன் எண்டு தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேக்கேல்லை. அதை அப்பிடியே என்ர தொண்டைக்கை இறக்கியிருக்கிறீர். நஞ்சாயிருந்தால்?

ஆன்சலா: நஞ்செண்டு நான் நினைக்கேல்லை.

இன்னாசித்தம்பி: பின்னை என்னெண்டு நினைச்சனீர்?

ஆன்சலா: பிள்ளைக்கு முன்னால கேளாதேங்கோ. எழும்புங்கோ, லாண்ட்மாஸ்ரர் இரையுது.

இன்னாசித்தம்பி: சொன்னால்தான் எழும்புவன்.

கம்சா: நான் காதைப் பொத்துறன் அம்மா, சொல்லுங்கோ. நேரம் போகுது.

ஆன்சலா: வசிய மருந்து எண்டு நினைச்சன்! முப்பத்தெட்டு வருசமா என்னோட கத்திக் கத்திச் சீவிச்ச மனுசன், ஒரு நாள் விடியக் காலமை எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் வேற என்னத்தை நினைக்கிறது? எனக்கேன் அந்த மருந்து, நான் எப்பவோ மயங்கிப் போனவள், தேவைப்பட்ட ஆள் குடிக்கட்டும் எண்டு கோப்பையை மாத்தி வச்சன்... அண்டையில இருந்து நீங்கள் ஒருக்காக்கூடக் கத்தேல்லை. நல்லா வேலை செய்யுது எண்டு விட்டிட்டன்.